கெடந்துச்சு, எடுத்தேன்

ஹேவ்லாக் சதுக்கம், காலை எட்டே முக்கால்.
லிஃப்ட்டில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம்
மாறுகிற எண்களை.
என் பிழைப்பும் எண்கள்தான்.
சட்டப் பிரிவின் எண்ணுக்குள் இருப்பதை
ஆள் தாங்குகிற தமிழில் சொல்ல வேண்டும்.

முதலில் முந்நூற்று இருபத்து மூன்று.
தேக்கா காப்பிக்கடையில் விழுந்த ஓர் அறை.
அறைந்தவரும் வாங்கியவரும் வெளி பெஞ்சில்
ஒரே பாக்கெட் கோப்பியை
மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.
இணங்கிப்போக இடம் வைத்திருக்கிறார்கள் இதற்கு.

அடுத்ததற்கு இல்லை.
இரும்புக் குழாய்.
வீக்கத்தோடு நின்றிருந்தால் காயம்,
எலும்பு விட்டுப்போனதால் கொடுங்காயம்.
எக்ஸ்ரேயில் மயிரிழைபோல் ஒரு கோடு,
அதற்கு இந்தப் பக்கம் மாதங்கள், அந்தப் பக்கம் வருடங்கள்.
அடித்த கைக்கு அந்தக் கோடு தெரிந்திருக்காது.

முன்பொரு நாள்
கொலையாகாத மரணம் என்று சொல்ல வேண்டியிருந்தது.
செத்தவரின் தம்பி என்னைப் பார்த்தார்,
நான் ஏதோ
தள்ளுபடி கொடுத்துவிட்டதுபோல.

பதினொன்றரைக்கு
அடைக்கலம், தகப்பன் பெயர் சூசை,
காளையார்கோவில் பக்கம்.
கப்பல் பட்டறையில் சாரம் கட்டியவர்.
ஆறு மாதமாகக் கையில் ஸ்பெஷல் பாஸ், வேலை கிடையாது.
பூன் லேயில் புளோக்குக்கு அடியில் கல்மேசை,
கல்மேசைமேல் யாரோ விட்டுப்போன கைப்பேசி.
நீதிபதி என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன்.
"கெடந்துச்சு, எடுத்தேன்."

எடுத்தேன்.
தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம்,
மாமன் வீட்டில் பெண் எடுக்கிறோம்,
பல் எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம்,
முடியாதபோது ஒருநாள் லீவு எடுக்கிறோம்.
எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே
வாயில் தயாராக இருக்கிறது.
ஆங்கிலத்தில் எனக்கு இரண்டு கதவு.
ஒன்றைத் திறந்தால் அடுத்தவர் வசமிருந்து எடுத்தது,
மற்றதைத் திறந்தால் கிடந்ததை எடுத்தது.
ஒன்றுக்கு மூன்றாண்டு வரை, ஒன்றுக்கு இரண்டு.
"தெளிவுபடுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்" என்றேன்.
அந்த இடைவெளியில் ஏர்கானின் சத்தம் மட்டும் கேட்டது.

"யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"
"யாருமில்லம்மா. பூனை ஒண்ணு."
"சிம்மை ஏன் கழட்டினீங்க?"
கொஞ்சம் யோசித்தார்.
"கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சும்மா."

மொழிபெயர்த்தேன்.
அரசு வழக்கறிஞரின் பேனா ஒரு கணம் நின்று
பிறகு ஓடியது.

நானூற்று மூன்று.
நேர்மையின்றிப் பிறர் சொத்தைத் தனதாக்கிக்கொள்ளுதல்.
அச்சில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.
"அவ்வளவு பெரிசா?" என்றார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை,
என்னிடம்தான் கேட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

லெம்பு சாலையில் விற்றது நாற்பது வெள்ளிக்கு.
அபராதம் எண்ணூறு, கட்டாவிட்டால் நான்கு நாள்.
அறைத்தோழர் அருள்ராயன் கவுண்டரில்
பத்து வெள்ளித் தாள்களாகவே எண்ணிக் கட்டினார்,
இரண்டு முறை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து.

சாப்பாட்டு வேளையில் படியில் நிறுத்திக் கேட்டார்:
"அக்கா, அப்ப நான் திருடனா?"
ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அறைக்குள் நான் வெறும் குரல்,
படியில் அதுகூட இல்லை.
"உங்க பேர்ல இருக்கிறது நானூத்தி மூணு" என்றேன்.
"திருட்டு முந்நூத்தி எழுபத்தொம்போது."
இரண்டு எண்களையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்,
வீட்டு விலாசத்தை மனப்பாடம் செய்கிறவர்போல.

பஸ் நிறுத்தத்தில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்.
பாதி ரோடு தாண்டியும் எனக்குக் கேட்டது:
"திருட்டு இல்லயாம்... ஆமா, கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க...
வேற ஒண்ணாம்."
பிறகு நீண்ட நேரம் அங்கிருந்து ஏதோ கேட்டார்கள் போல.
கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து
என்னைத் தேடித் திரும்பினார்.

பச்சை மனிதன் மினுக்கத் தொடங்கியிருந்தான்.
நான் நடந்துகொண்டிருந்தேன்.