எட்டாவது கோல்

அவன் பெயர் சைந்து.
ஆஸ்டின் டவுன் பையன்கள்
'சாய்ந்து' என்று படிக்கிறார்கள்.
பாதி சரிதான்,
இடது முழங்கால் நிற்பதே நாடாவில்.

முப்பத்து நாலு வயது, ஒன்பதாவது கிளப்,
ஆறு மாத ஒப்பந்தம்,
அதிலும் இரண்டு மாதம் மழை.

கொமொரோஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
என் சோப்புத்தூள் அட்டைப்பெட்டியில்
நகத்தால் மூன்று புள்ளி வைத்தான்,
நாலாவதைக் கொஞ்சம் தள்ளி.
ஏன் தள்ளி என்று சொல்லவில்லை.
சில்க் போர்டு சிக்னல்
அந்த மொத்த நாட்டையும்
ஒரே சாயங்காலத்தில் நிறுத்திவைத்துவிடும்.

நாட்டுக்காக ஏழு கோல்.
எட்டாவதை நான் பார்த்தேன்.
பார்த்தேன் என்று சொல்லலாமா?
ராத்திரி ஒன்றே முக்கால்,
கண்டீரவா படிக்கட்டுக்கு அடியில் துணி அறை.
மிஷினில் பதினெட்டு ஜெர்சி சுற்றுகிறது,
போனில் வெள்ளை வட்டம் சுற்றுகிறது.
தூக்கிய காலோடு அவன் நிற்கிறான்,
பந்து இன்னும் வந்து சேரவில்லை.
வட்டம் விலகியபோது
ஆளைக் காணோம்,
மேலே ஆறு பேர் கிடந்தார்கள்.

மூன்று விமானம் மாறி
வியாழக்கிழமை வந்தான், வீங்கிய காலோடு.
ஐஸ் பையை நீட்டி,
எட்டு விரல் காட்டினேன்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.
"என் கால் படவே இல்லை.
அவங்க ஆள் தொடையில் பட்டுப் போச்சு.
ரெஃப்ரி என் பேரை எழுதிட்டார்.
நான் சொல்றதுக்குள்ள
ஊர்ல ஒரு படகுக்கு
என் பேரை வெச்சுட்டாங்க."

சனிக்கிழமை ஆட்டம்.
அவன் ஜெர்சியில்
ஒன்பதின் வால் உரிந்திருந்தது.
துணி போட்டு, இஸ்திரி வைத்து,
நன்றாக அழுத்தினேன்.