முப்பத்து மூன்றாவது பைட்

பகல் மூன்று மணி. உரக்கடை மாடி.
யூரியா வாசம் படிக்கட்டு வரை வந்து நின்றுவிடும்.
நெல் உலர்த்தும் களத்தை நாற்பத்து மூன்று பேர்
முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள
சாலிடிட்டியில் ஒப்பந்தம் எழுதுகிறேன்.
ஏற்றிவிட்டால் யாரும் கைவைக்க முடியாது.
அதுதான் வேண்டும் என்றார்கள்.
போன சம்பாவில் நோட்டுக்குள் ஒயிட்னர் பூசியிருந்ததாம்.

மாறாத மாறி. பெயரிலேயே சண்டை.
கட்டும்போது ஒரே தடவை மதிப்பை ஊற்றலாம்,
அப்புறம் அது நிரலோடு நிரலாக இறுகிவிடும்.

ஈரப்பதம் பதினேழு. உட்கார்ந்தது.
பொருளாளர் மெகராஜ் பானுவின் முகவரி,
இருபது பைட். உட்கார்ந்தது.
நாற்பத்து மூன்று பேரின் பட்டியல் என்றேன்.
முடியாது என்றது கம்பைலர்.
நியாயம்தான்,
அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நாற்பத்து நான்கு.

ஊர்ப் பெயர் என்றேன்.
அதுவும் முடியாது.
எழுத்துச் சரமாம்.
நீளம் எவ்வளவென்று முன்கூட்டித் தெரியாததை
மாறாததில் சேர்ப்பதில்லையாம்.

நீடாமங்கலத்தின் நீளம் தெரியாதா?
ரயில்வே கேட்டில் நிற்கும் எந்த லாரிக்காரரையும் கேள்.

சரி, முப்பத்திரண்டு பைட் பெட்டி ஒன்று உண்டு,
எண்ணைப் போலவே நடந்துகொள்ளும், அதில் திணிக்கலாம்.
விரல் விட்டு எண்ணினேன்:
ந, அதன் கொக்கி, ட, கால், ம,
ங, புள்ளி, க, ல, ம, புள்ளி.
பதினொன்று. ஒவ்வொன்றும் மூன்று பைட்.

முப்பத்து மூன்று.

கடைசிப் புள்ளியில் இரண்டு பங்கு உள்ளே,
ஒரு பங்கு வெளியே.
திரையில் ஒரு கறுப்பு வைரம், நடுவில் கேள்விக்குறி.

பானுவுக்குப் போன் போட்டேன்.
"இங்கிலீஷ்ல போட்டுருங்களேன், பத்துமே"
என்றவர், வைக்கப் போகும்போது,
"சித்திரையோட என் முறை முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

இல்லை.
மாறப்போகிறவர் அளவாக இருந்தார், இறுக்கிவிட்டிருந்தேன்.
பதினேழு மட்டும் என்ன?
அறுவடையில் மழை பிடித்தால்
டெல்லியிலிருந்து ஆள் வந்து மூட்டையைக் குத்திப் பார்ப்பார்,
அது பத்தொன்பதாகும், இருபதாகும்.
மாறாமல் இருப்பது ஊர் ஒன்றுதான்.
அதற்கு ஒரு பைட் இடம் போதவில்லை.

கீழே நெல் ஏற்றிய கூட்ஸ் கடந்துகொண்டிருந்தது,
முப்பது பெட்டிக்கு மேல் எண்ணிக்கை தவறியது.

பானுவை எடுத்து, மாறக்கூடியதில் வைத்தேன்.
பதினேழையும்.
ஊரைப் புள்ளியில்லாமல் உள்ளே அனுப்பினேன்: நீடாமங்கலம.
ஓலையில் எழுதியவர்களும் புள்ளியை விட்டார்கள்,
ஓலை கிழியுமென்று.
எனக்குக் கிழிய ஒன்றுமில்லை.

படிக்கிறவர் கண்ணில் படும்போது மட்டும்
வெளியிலிருந்து புள்ளியை ஒட்ட ஒரு வரி.
அது சங்கிலியில் இல்லை, திரையில் இருக்கிறது.
நாளைக்கே யாரும் அழிக்கலாம்.

கேட் திறந்தது. எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.