வரவு: ஒரு கொப்பரை, ஓட்டை

அந்தக் குளிர்காலம் முழுக்க
மைக்கூட்டை அக்குளில் வைத்தே காத்தேன்.
வெளியே எடுத்தால் உறைந்துவிடும்.
முதலாளி ஹார்மானுஸ் க்ளூக் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டே போனேன்:
வெடிமருந்து நான்கு ராத்தல்.
சிவப்புக் கம்பளி ஒன்று.
ரம். ரம். மறுபடி ரம்.
பீவர் தோல் வந்ததும் கழித்துக்கொள்ளலாம்.

பீவர் வரவில்லை.
ஸ்கொஹாரி ஓடையில் அணை கட்ட
ஒன்றுகூட மிச்சமில்லை என்பது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பேரேட்டில் அதற்கொரு பத்தி இல்லை.

பனி உருகுமுன் மூன்று மோஹாக் ஆட்கள் வந்தார்கள்.
மூன்று நாள் ஊற்றிக் கொடுத்தோம்.
நான்காம் நாள் விடியலில் காகிதத்தை விரித்தேன்.
ஒருவன் ஓநாய் வரைந்தான், ஒருவன் கரடி.
கடைசி ஆள் கை நடுங்க ஆமை வரைந்தான்.
மூன்று கால்தான் வந்தது,
நான்காவதற்கு மை தொட மறந்துவிட்டான்.
முதலாளி மணலைத் தூவி
போதும் என்றார்.

எல்லை இப்படி எழுதியிருந்தது:
பெரிய எல்ம் மரத்திலிருந்து
ஓடை வளையும் இடம் வரை,
அங்கிருந்து வடக்கே
வேண்டிய மட்டும்.
அந்த 'வேண்டிய மட்டும்' என்பதை
மொழிபெயர்த்தவன் 'கொஞ்சம்' என்றான்.
நான் தலை நிமிரவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றையே எடுத்துப் போட்டுக்கொண்ட நாங்கள்
அளக்கவே இல்லை.

மே மாதம் வதாஹினே வந்தாள்.
நெற்றிப்பட்டையில் தொங்கிய சுமையில்
பாதி விதைச்சோளம், மேலே ஒரு கொப்பரை.
அளவுக்காரர்கள் அடித்த முளைகளைத்
தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்,
பாவாடை விளிம்பில் புதுமண்.

குரல் உயரவில்லை.
"ஆமை எங்கள் வீட்டுக் குலம்.
என் தங்கை மகனுக்கு அதைக் கொடுத்தது நாங்கள்.
அவன் எப்படி உங்களுக்குக் கொடுப்பான்?
சோளக்காடு பெண்களுடையது.
எங்களில் யாரைக் கேட்டீர்கள்?"

முதலாளி எனக்குக் கண் காட்டினார்.
அவள் பக்கத்தைத் திருப்பி வாசித்தேன்:
கொப்பரை, பித்தளை, ஒன்று.

அவள் அதை எடுத்து
கதவு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
அடியிலிருந்த பொத்தல் வழியே
பட்டாணி அளவு வெயில்
என் கணக்கின்மேல் விழுந்தது.
பிறகு மேசையில் வைத்தாள்.
"நாங்கள் வாங்கியது இது.
எடுத்துக்கொள்ளுங்கள்.
ஓடையைக் கொடுங்கள்."

முதலாளி சிரித்துவிட்டார்.
கெட்டவரில்லை அவர்.
எனக்குக் காய்ச்சல் கண்டபோது
தன் போர்வையைத் தந்தவர்,
அந்தப் போர்வையைக் கணக்கில் ஏற்றாதவர்.
"எழுது," என்றார்.

எழுதினேன்.
வரவு: கொப்பரை ஒன்று, ஓட்டை.
இரண்டு ஷில்லிங்.

அவள் நகரவில்லை.
மீதியையும் எழுதுவேன் என்று
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மை அன்று உறைந்திருக்கவில்லை.