தலையணை

பித்தொலோமாய்க்கு வந்து
இன்றோடு முப்பத்தெட்டு நாள்.
கலப்பைகளைக் களத்து மூலையில் சாய்த்துவிட்டு
கலிலேயா மலையிறங்கி வந்தோம்.
யோவேசேர் மட்டும் விட மனமில்லாமல்
எருதையும் ஓட்டி வந்திருந்தான்.
அதற்குத் தெரியும் இது உழவுக்காலம் என்று.
விடிந்ததும் எழுந்து
நுகத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நாங்களும் கழுத்தை நீட்டித்தான் கிடக்கிறோம்
வேறு காரியத்துக்கு.

சீதோனில் செதுக்குகிறார்களாம்,
ரோமாபுரியில் இருக்கும் ஒருவனை
இரண்டாள் உயரத்துக்கு.
எருசலேமில்
ஆண்டுக்கு ஒருநாள் ஒரே ஒருவர்
நடுங்கிக்கொண்டு நுழையும் இருட்டுக்குள்
அதை நிறுத்த வேண்டுமாம்.

"அங்கே என்னதான் இருக்கிறது?"
காவலுக்கு நின்ற யம்லிகு கேட்டான்.
ஒரோந்தஸ் ஆற்றங்கரைக்காரன். கூலிக்கு ஈட்டி பிடிப்பவன்.
ஒன்றும் இல்லை என்றேன்.
"ஒன்றுமில்லாத இடத்துக்கா இத்தனை பேர் சாக வந்தீர்கள்?"
ஆமாம் என்றேன்.

என் மடியிலிருந்து விழுந்த வெள்ளிக்காசை
அவன்தான் பொறுக்கித் தந்தான்.
தருமுன் திருப்பிப் பார்த்தான்.
"தீரு பட்டணத்துச் சாமியின் முகம் இது.
இதைத்தானே உங்கள் ஆலயத்துக்கும் கட்டுகிறீர்கள்?"
எனக்கு வாய் எழவில்லை.
பக்கத்தில் படுத்திருந்த செலாம்சியோன்
கண் திறக்காமலே சொன்னாள்:
"எண்ணுவோம். கும்பிட மாட்டோம்."
அது போதாத பதில் என்று
என் மனைவிக்கும் தெரியும்.
இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தாள்.

ஆளுநரின் எழுத்தன் மெழுகுப் பலகையோடு வந்தான்.
விதைக்காத நிலம் எத்தனை,
வராத வரி எவ்வளவு,
படுத்துக் கிடக்கும் தலைகள் எத்தனை.
எங்கள் வரிசைக்கு வருமுன்னே
பலகையில் இடம் தீர்ந்துபோனது.
என் கணக்கு அதைவிடச் சின்னது.
குதிரில் இருப்பது பாஸ்கா வரை தாங்காது.
கடைசிப் பெண்ணுக்கு இப்போதே
விலா எலும்பு தெரிகிறது.
இதை ஜெபத்தில் சொல்லவில்லை.
சொன்னால்
எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேனோ என்று பயம்.

போன வாரம் மழை பெய்தது.
ஒதுங்க இடமில்லை. ஒருவரும் எழவுமில்லை.
உழவன் மழையில் அழுவதை
அன்றுதான் பார்த்தேன்,
மழை வந்ததற்காக.

விதை வாற்கோதுமையை எலிக்குப் பயந்து
வீட்டில் விடாமல் எடுத்து வந்திருந்தேன்.
அந்த மூட்டைதான் எனக்குத் தலையணை.
இன்று காலை கன்னத்தில் ஏதோ குத்தியது.
சாக்கின் இழைகளுக்கிடையே
வெள்ளை வெள்ளையாய் முளை.

விதைக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவன்
தலைமாட்டில் விதைத்திருக்கிறேன்.
செலாம்சியோன் சிரித்தாள்,
முப்பத்தெட்டு நாளில் முதல்முறையாக.
யம்லிகு எட்டிப் பார்த்துவிட்டு
ஒரு பிடி கேட்டான், குதிரைக்கு.
கொடுத்தேன்.

சீதோனிலிருந்து வந்த உப்பு வணிகன் சொல்கிறான்:
காதுவரை முடிந்துவிட்டதாம்.
கண் இன்னும் திறக்கவில்லையாம்.

மறுபடி மேகம் கட்டுகிறது.
எருது எழுந்து நிற்கிறது.