தொகை எழுத வேண்டிய இடம்

மேயோ ஹால் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஒரு ஃபேன், இரண்டு நாற்காலி.
வக்கீல் பாரிஜாதா என் போனை வாங்கி
உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.
தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு.
நானே வாசித்துக் கன்னடத்தில் சொல்ல வேண்டியதாயிற்று:

வெண்மதி ட்ரை கிளீனர்ஸ், காக்ஸ் டவுன்.
பட்டுச்சேலையில் அசல் ஜரிகையை உருவிவிட்டுப்
போலி வைத்துத் தைப்பார்கள்.
ஆஸ்பத்திரித் துணியோடு சேர்த்து ஊறவைப்பார்கள்,
பின்கட்டில், நீல டிரம்மில்.
திருட்டுப் பொம்பளை.

கடைசி இரண்டு சொல்லுக்குக் கன்னடம் தெரியும்.
தெரியாததுபோல் கொஞ்சம் நின்றேன்.

பதினோரு நாளாகக் கொடியில் பாதி காலி.
சேலையைத் திரும்ப வாங்க வந்தவர்கள்
வாசலிலேயே முந்தானையை விரித்து
வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அதற்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா?

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள் என்றார்.
எழுதியாயிற்று.
பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி.

நோட்டீஸ் அனுப்பலாம். யாருக்கு?
எழுதியவன் பெயர் உண்மை விளம்பி,
முகம் ஒரு ரோஜாப்பூ.
ஆள் தெரியாமலும் வழக்குப் போடலாமாம்,
யார் என்று சொல் எனக் கோர்ட் கேட்டால்
கம்பெனி சொல்லித்தான் ஆகணுமாம்.
கிரிமினலாகப் போனால் மாஜிஸ்திரேட் முன்னால்
நான் சத்தியம் செய்து இதையெல்லாம் மறுபடி சொல்லணும்.
சிவில் என்றால் ஒரு வருஷத்துக்குள்.
போனில் எடுத்த படத்துக்கும் சான்றிதழ் வேணும்:
எந்தப் போன், யார் கையில், எத்தனை மணிக்கு.
பொய் சொன்னவனுக்கு ரோஜாப்பூ போதும்.
பொய் என்று சொல்ல எனக்குக் கையெழுத்து, தேதி.

பிறகு மான நஷ்டம் என்று டைப் அடித்து
ரூபாய் என்று போட்டுக் கோடு இழுத்தார்.
எவ்வளவு போடட்டும்?
போடுகிற தொகைக்குத் தக்க கோர்ட் ஃபீஸ்.
மானத்துக்கும் அட்வான்ஸ்.

விலை சொல்லியே பிழைப்பவள் நான்.
சட்டை அறுபது, கோட்டு இருநூற்றைம்பது,
பட்டு என்றால் கரை அகலம் பார்த்து.
வெளுப்புக்குத்தான் விலை வைத்திருக்கிறேன்,
துணிக்கு வைத்ததில்லை.

இதில் ஒரு வரியாவது உண்மையா, என்றார்.
இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

கவுண்டரில் நான் கேட்கிற கேள்விதான்.
குழம்பா, துருவா, ரத்தமா?
மறைத்தால் மருந்து மாறிப்போகும்,
கறை இருந்த இடத்தில் ஓட்டை விழும்.
இல்லை, என்றேன்.

படியிறங்கும்போதுதான் அந்த டிரம்.

பின்கட்டுக்கு எந்தக் கஸ்டமரும் வந்ததில்லை.
நீல டிரம் விரிசல் விட்டு, மார்ச்சில் பழைய இரும்புக்காரனிடம் போயிற்று.
பார்த்தவர்கள் மூன்று பேர்.
நான். என் நாத்தனார்.
பங்காருப்பேட்டை ரயிலில் தினமும் வந்துபோன அமலன்.

ஒன்றரை மாசச் சம்பளம்.
அடுத்த வாரம் என்றேன், மூன்று வாரம்.
நாலாவது வாரம் அவன் வரவில்லை,
நானும் கூப்பிடவில்லை.
ஜரிகை உருவியதை அவன் பார்த்திருக்க முடியாது,
நடக்காததை யார் பார்ப்பது?
கல்லாவில் பணம் இருந்ததைப் பார்த்திருப்பான்.

அவன்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது.
டிரம் கூண்டேறிச் சாட்சி சொல்லாது.

பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.
பஸ் ஸ்டாப்பில் நின்றே அனுப்பினேன்.
தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று அடித்து,
அழித்து,
பாக்கி என்று மட்டும் போட்டேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

கடை போர்டில் நிலா வரைந்த பெயிண்டரிடம்
களங்கம் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது.
தட்டு மாதிரி இருக்குமே அக்கா, என்றான்.
இருக்கட்டும் என்றேன்.

ராத்திரி பார்த்தேன், பதிவு அங்கேயேதான் இருக்கிறது,
ஜரிகை, ஆஸ்பத்திரி, எல்லாம்.
அதற்கு நான் விடப்போவதில்லை.
காலையில் வக்கீலுக்கு ஒரு விலாசம் சொல்லணும்.
கோட்டின் மேல்தான்
இன்னும் ஒன்றும் எழுத வரவில்லை.