கவை

எண்பத்தாறாம் வருஷத்து ஹோண்டா.
முன்கால்கள் இரண்டும் பென்சில்.
பிரேக் பிடித்தால் மூக்கு தரையை முகரும்.
விட்டால் எழுந்து நின்று
கொஞ்சம் யோசிக்கும்.

மாற்றப் போகிறேன் என்றேன்.
கவைக்குதவாத வேலை என்றான் ஓத்சோ,
பக்கத்து ஷெட்டில் படகுக்கு வர்ணம் அடிப்பவன்.
கவையைத்தானே மாற்றுகிறேன் என்றேன்.

கயானியில் ஜனவரி.
இரவு முழுக்க நகராட்சியின் பனி வாரும் லாரி.
பகல் என்று இங்கே பேர் சொல்லும் நாலு மணி நேரம்
ஷெட்டும், மண்ணெண்ணெய் ஹீட்டரும், நானும்.

சுவொமுஸ்ஸால்மியில் இருந்து வந்தது
ஒரு யமஹாவின் முன்பாதி.
பின்னால் வேன் இடித்து ஓய்ந்த வண்டி.
முன்பக்கம் நூல் பிடித்தாற்போல் நேர் என்றார் வேசா.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.

சேராது. முதலில் எதுவும் சேராது.
தண்டு ஒன்பது மில்லிமீட்டர் குட்டை.
பேரிங்கின் வெளிவட்டம் ஹோண்டா சொன்னதைக் கேட்கிறது,
உள்வட்டம் யமஹாவிடம் பேசுகிறது,
நடுவில் உருளைகள் யார் பக்கமும் இல்லை.
யமஹாவின் தண்டைப் பிரஸ்ஸில் வைத்து வெளியேற்றினேன்.
பீரங்கிபோல் ஒரு சத்தம்; ஓத்சோவின் தூரிகை நழுவியது.
ஹோண்டாவின் தண்டை அங்கே இறக்கினால்
இரண்டு மில்லிமீட்டர் தொளதொளப்பு.
லேத்தில் ஒரு வளையம் கடைந்தேன்.
மூன்றாவது வளையம்தான் வளையம்.
முதல் இரண்டும் ஜன்னலில் கிடக்கின்றன,
ஒன்றில் ஓத்சோ மெழுகுவர்த்தி நட்டிருக்கிறான்.

உறுப்பு தானம் மாதிரி என்றான் ஒருநாள்.
இல்லை என்றேன்.
உறுப்புக்கு உடம்பு மட்டும் ஒத்துக்கொண்டால் போதும்.
இதற்கு
அரசாங்க ஆய்வாளரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் கால்களைப் பிரித்தேன்.
எண்ணெய் காப்பிக் கசடு.
குரோம் குழாயைக் கட்டைகளில் கிடத்தி
மெல்ல உருட்டினேன்.
வலது சும்மா இருந்தது.
இடது உருண்டபோது
அளவுமானியின் முள் மூச்சு விட்டது:
மேலே, கீழே, மேலே.
புள்ளி ஆறு.

பின்னால் இடித்த வேன்
முன்காலை வளைக்காது.

போன் செய்தேன். சண்டைக்குத்தான் செய்தேன்.
வெகுநேரம் அவர் பக்கத்தில் ஒரு கடிகாரம் மட்டும் கேட்டது.
பிறகு சொன்னார்:
ஹுரின்சால்மி தாண்டி ஒரு செப்டம்பர்.
காட்டில் இருந்து பனிமான். குட்டி.
பின்சீட்டில் மகள், எட்டு வயது.
நான் விழவில்லை. அது எழவில்லை.
மகள் கேட்டாள், என்ன அப்பா அது?
பள்ளம் என்றேன்.
கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு
வீடு வரைக்கும் ஓட்டினேன்.
இப்போது அவளுக்கு இருபத்தாறு.
அவளைப் பொறுத்தவரை அது இன்னும் பள்ளம்தான்.

பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார்.
வேண்டாம் என்றேன். ஏன் என்று தெரியவில்லை.

புள்ளி ஆறு நிமிர்த்தக்கூடிய கோணல்.
பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு மயிரளவு அழுத்தி,
விட்டு, உருட்டி, பார்த்து,
மறுபடி.
அளவுக்கு மிஞ்சினால் எதிர்ப்பக்கம் வளையும்.
இரண்டு நாள் லாரிக்குத் தூக்கம் இல்லாமல் போனேன்.
புள்ளி பூஜ்யம் நான்கில் நிறுத்தினேன்.
அதற்கு மேல் நேர் என்பது பேராசை.

ஏப்ரலில் ஆய்வுக்கூடம்.
ஆய்வாளர் ஹெலினா முஸ்டோனென் டார்ச்சோடு தரையில் படுத்தார்.
கைப்பிடியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்.
டேங்க்கில் இடிக்கவில்லை.
ஸ்பீடாமீட்டர் எங்கே? என்றார்.
அதைச் சுழற்றும் பல்லு பழைய சக்கரத்தோடு போய்விட்டது.
தோல்வி.
காந்தம் வைத்த சின்ன மீட்டரோடு மறுவாரம் போனேன்.
மாற்றப்பட்ட பாகங்கள் என்ற கட்டத்தில்
அவர் எழுதியது ஒரே வரி.
இடது காலைப் பற்றி
எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

மே மாதம். ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம்.
வடக்கே எடுத்துப் போனேன்.
பிரேக் பிடித்தால் இப்போது தலை குனிகிறது, கவிழவில்லை.
வளைவில் கொஞ்சம் பிடிவாதம்,
நேரில் நிம்மதி.

இரும்புக்கு ஞாபகம் கிடையாது.
இருந்தது புள்ளி ஆறு, அதையும் நான் எடுத்துவிட்டேன்.
இருந்தும் ஹுரின்சால்மி பலகை கடந்ததும்
ஆக்சிலரேட்டரை விட்டது என் கைதான்.

ஒன்றும் குறுக்கே வரவில்லை.
சாலை எண்ணெய்த் துணிபோல் வழவழ.
பள்ளம்கூட இல்லை.