வடக்குச் சுவர், பத்தொன்பதாம் வரிசை

கிச்சனரில் ஒரு கையுறைத் தொழிற்சாலை இருந்தது.
இப்போதும் இருக்கிறது,
முகம் மட்டும்.
முதுகில் முப்பத்தொன்பது மாடி.

முகத்தைக் கழற்றியவர்கள் நாங்கள்.
ஒவ்வொரு கல்லுக்கும் சோக்கால் ஓர் இலக்கம்:
சுவர், வரிசை, இடம்.
ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது கல்.
அடெலினோ உளி வைக்குமுன்
பல் வைத்தியன் மாதிரித் தட்டிப் பார்ப்பான்.
நான் வாங்கி, தூசி துடைத்து, எழுதி, அடுக்குவேன்.
பழைய சுண்ணாம்புச் சாந்து
கேட்டதும் விட்டுக்கொடுத்தது.
இடையில் யாரோ சீமெந்து பூசித் திருத்திய இடங்கள்தான்
கல்லையும் உடைத்துக்கொண்டு வந்தன.

நூற்றில் ஒன்றிரண்டு கல்லின் வயிற்றில்
சாந்து அப்பிய பள்ளம்;
சுரண்டினால் எழுத்து: பெர்லின்.
இந்த ஊரின் பழைய பெயராம்.
முதலாம் உலகப் போருக்குள்
வாக்கெடுத்து மாற்றினார்களாம்.
பலகையை மாற்றியிருப்பார்கள், முத்திரையை,
கடிதத் தலைப்பை.
சுவருக்குள் போய் யார் பார்த்தார்கள்.

இரண்டு பனிக்காலம்
கற்கள் பொலித்தீன் போர்த்திக் கொட்டகையில் கிடந்தன.
அதற்குள் கிரேன் வந்தது, குழி வந்தது,
விற்பனைக் கூடம் வந்தது.
பதாகையில் ஒரு தோல் கையுறை:
"உங்கள் அளவுக்கே தைத்த வாழ்வு."
ஒற்றைப் படுக்கையறை
ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்திலிருந்து.
டாலர்.

திருப்பிக் கட்டும்போது ஒரு கல் இல்லை.
வடக்கு, பத்தொன்பது, ஏழு.
பலகைத் தட்டுகளைப் புரட்டினோம்,
லொறிக்காரனைத் திட்டினோம்,
அவன் எங்களைத் திட்டினான்.
கடைசியில் அடெலினோ புதுக் கல் ஒன்றை எடுத்து
மூலைகளை உரசி மழுக்கி,
கரித்தூள் தேய்த்து,
"உன் பிளாஸ்கைக் கொண்டா" என்றான்.
என் பிளேன்டீ முழுவதையும் அது குடித்தது.
சீனி போட்ட தேநீர்.
இரண்டு நாள் எறும்பு மொய்த்தது.

பாரம்பரியக் கட்டட அதிகாரி
மிஸஸ் ஹால்டெய்ன் டோர்ச்சோடு வந்தார்.
வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்,
கையுறையைக் கழற்றிவிட்டு
அந்த ஒரு கல்லையே தடவினார்.
"பாருங்கள், இதில் காலம் தெரிகிறது."
அடெலினோவுக்குத் திடீரென இருமல்.

இப்போது அங்கே கோப்பிக் கடை.
ட்ராம் அந்தத் தரிப்பில் நிற்கும்போது பார்ப்பேன்.
மழை விட்டு ஒரு மணி நேரத்தில்
சுவர் முழுக்கக் காய்ந்துவிடும்.
பத்தொன்பதில் ஏழு மட்டும்
நனைந்தபடியே நிற்கும்.
ஊர்ப் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை.

களவெடுத்தேன் என்று எழுதத்தான்
இவ்வளவு வரிகள்.
மத்தியானச் சாப்பாட்டு நேரம்,
சாப்பாட்டுப் பைக்குள்,
துவாய்க்குக் கீழே.
ஏனென்று அடெலினோ கேட்டிருந்தால்
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
அவன் கேட்கவில்லை.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பேஸ்மென்டில், சப்பாத்துத் தட்டின் கீழ் இருந்தது
நாலு வருஷம்.
மேல்மாடி வீட்டுக்காரர் இப்போது விற்கிறார்.
ஒழுங்கை முழுவதையும் ஒரே கம்பனி வாங்குகிறது.
எங்கள் சுவர் வினைல்.
அதற்கு யாரும் இலக்கமிடப் போவதில்லை.
ஒரு காலை, ஓர் இயந்திரம், இரண்டு லொறி.

தர்மினி சாமான் கட்டுகிறாள்.
"இந்தக் கல்லைக் கழுவித்தான் வச்சிருக்கக்கூடாதே,
சோக்கெல்லாம் கையில ஒட்டுது."
கழுவவேண்டாம் என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்தாள்.
பழைய துவாயில் சுற்றி,
தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்து,
பெட்டியை ஒட்டி
மேலே பெரிதாக எழுதினாள்:
கவனம், உடையும்.